அப்பா பெயரில் உள்ள பட்டறை பிள்ளைகள் கைக்கு மாறும்போது: அறிய வேண்டிய விதிகள்

கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறை, சோமனூரில் எட்டுத் தறி ஓடும் ஒரு கூடம், திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுக்கும் ஒரு தையல் யூனிட் என எதை எடுத்துக்கொண்டாலும், அது பெரும்பாலும் அப்பா ஒருவர் பெயரில் இருக்கும் தனிநபர் உரிமை நிறுவனமாகவே இருக்கும். சட்டத்தின் பார்வையில் அந்தத் தொழிலும் அவரும் ஒன்றே. பான் எண், ஜிஎஸ்டி பதிவு, உத்யம் சான்று (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு), வங்கியின் சிசி கணக்கு (தொழில் நடத்த எடுக்கும் சுழல் கடன்) ஆகிய எல்லாம் அவர் ஒருவரைச் சார்ந்தவை என்பதால், மகன் இருபது ஆண்டுகளாகப் பட்டறையை நடத்தி வந்திருந்தாலும் காகிதத்தில் அவருக்கு இடமில்லை.

கணக்கெழுதும் பணியில் நான் நேரில் பார்த்த ஒரு நிகழ்வு இன்னும் மனதை விட்டு அகலவில்லை. பம்புசெட்டுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுத்த ஒரு பெரியவர் மாரடைப்பால் இறந்த மூன்றாம் வாரம், மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்ய உட்கார்ந்தபோது ஓடிபி அவருடைய கைப்பேசிக்குப் போனது. அதன் பூட்டைத் திறக்கும் எண் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கடைந்து முடித்த சரக்கு சாக்கில் கட்டித் தயாராக இருந்தும், எந்தப் பெயரில் பில் போடுவது என்று தெரியாமல் அது பட்டறையிலேயே கிடந்தது.

இத்தகைய நிலைக்கு ஜிஎஸ்டி சட்டத்தில் வழி இருக்கிறது. தொழிலைத் தொடரும் வாரிசு, அந்தப் பொறுப்பு தம்மிடம் வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள், உரிமையாளரின் மரணத்தைக் காரணமாகக் காட்டிப் புதிய பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பழைய பதிவில் மிச்சமிருக்கும் இன்புட் கிரெடிட்டை, அதாவது கொள்முதலில் கட்டிய வரிக்கான வரவை, ஐடிசி-02 என்ற படிவத்தின் மூலம் புதிய பதிவுக்கு மாற்றிக்கொள்ளலாம். இங்கே வரிசை முக்கியம்: 2019 மார்ச்சில் வெளியான சுற்றறிக்கையின்படி, பழைய பதிவை ரத்து செய்ய விண்ணப்பிக்கும் முன்பே ஐடிசி-02 தாக்கலாகிவிட வேண்டும். பலர் அவசரத்தில் முதலில் ரத்துக்கு விண்ணப்பித்துவிட்டு வரவைப் பறிகொடுக்கிறார்கள். தொழிலின் கடன்களும் பொறுப்புகளும் சேர்ந்தே மாறுகின்றன என்பதற்கு ஆடிட்டர் சான்றும் வேண்டும். தொழிலைத் தொடரும் வாரிசு பழைய வரிப் பாக்கியையும் ஏற்கிறார். தொழிலை நிறுத்திவிட்டால், தமக்கு வந்த சொத்தின் அளவுக்கு மட்டுமே பொறுப்பாவார்.

இதே படிவம் உரிமையாளர் உயிரோடு இருக்கும்போதும் செல்லும். அப்பா தம் கையாலேயே ஓடிபியைக் கொடுத்து, தொழிலைக் கூட்டாண்மை நிறுவனமாக மாற்றிவிட்டால் மேலே சொன்ன சிக்கல்களில் பெரும்பகுதி எழுவதே இல்லை. அறுபதைக் கடந்த ஒவ்வொருவரிடமும் நான் வலியுறுத்துவது இதைத்தான். ஆனால் அப்பாவும் மகனும் என இருவர் மட்டுமே பங்குதாரர்களாக இருந்தால், ஒருவர் மறைந்ததும் கூட்டாண்மை கலைந்துவிடும், ஏனெனில் ஒருவரை மட்டும் கொண்டு கூட்டாண்மை இருக்க முடியாது. ஆகவே அம்மாவையோ மகளையோ மருமகளையோ மூன்றாவது பங்குதாரராகச் சேர்த்து, ஒருவர் இறந்தாலும் நிறுவனம் தொடரும் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுத வேண்டும். அவ்வாறு எழுதாவிட்டால் 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி மூவர் இருந்தாலும் அது கலையும். நிறுவனத்தைப் பதிவும் செய்ய வேண்டும். பதிவில்லாத நிறுவனம் பாக்கி வைத்த வாடிக்கையாளர்மீது ஒப்பந்த அடிப்படையில் வழக்குப் போட முடியாது. பட்டறை இருக்கும் இடத்தை நிறுவனத்துக்குள் கொண்டுவரத் தேவையில்லை, அப்பா பெயரிலேயே வைத்துக்கொண்டு வாடகை ஒப்பந்தம் போடலாம்.

பான் எண் மாறுவதால் உத்யம் பதிவும் புதிதாக எடுக்க வேண்டும். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை, இடைத்தரகருக்குப் பணம் கொடுக்க வேண்டாம். 2025 ஏப்ரல் 1 முதல், இயந்திர முதலீடு 2.5 கோடியும் விற்றுமுதல் 10 கோடியும் தாண்டாதவை குறு நிறுவனங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய தொகையை வாங்குபவர் அதிகபட்சம் 45 நாட்களில் தர வேண்டும் என்ற பாதுகாப்புக்கும் இந்தச் சான்றே ஆதாரம். சொத்துப் பிணையில்லாத கடனுக்கான மத்திய அரசின் உத்தரவாதத் திட்டம் இப்போது 10 கோடி வரை பொருந்துகிறது. கணினி வழி இயங்கும் புது சிஎன்சி இயந்திரம் வாங்கக் கடன் கேட்கும்போது, விண்ணப்பத்தில் முப்பது வயதுப் பங்குதாரரின் கையெழுத்தும் இருந்தால், இதை அடுத்து யார் நடத்துவார் என்ற கேள்விக்கு வங்கிக்கு விடை கிடைத்துவிடுகிறது. ஏற்கெனவே மானியக் கடன் நடப்பில் இருந்தால், அமைப்பை மாற்றும் முன் வங்கியிடமும் மாவட்டத் தொழில் மையத்திடமும் எழுத்து மூலம் ஒப்புதல் பெறுவது அவசியம்.

உயில் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மகளுக்குச் சீர் செய்து கட்டிக்கொடுத்தாயிற்று, அவளுக்கு இனிப் பட்டறையில் பங்கில்லை என்ற எண்ணம் நம் பக்கம் ஆழமாக ஊறியிருக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இந்து ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சம்பாதித்த சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடு இருந்தால் அவருடைய தாய் ஆகிய அனைவருக்கும் சமபங்கு உண்டு. பட்டறை ஒருவருக்கு, அதற்கு ஈடாக வேறு சொத்து மற்றவருக்கு என்று நியாயமாகப் பிரிக்க விரும்புபவர் அதை உயிலில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டு, அந்தச் சாட்சிகளும் கையொப்பமிட்டால் போதும். முத்திரைத்தாளோ பதிவோ கட்டாயமில்லை. நடப்புக் கணக்கில் நாமினி பெயரைச் சேர்த்துவிட்டதால் உயில் தேவையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். நாமினி அந்தப் பணத்தை வங்கியிடமிருந்து பெற்று வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர். நாமினி என்பதனால் மட்டும் அவர் அதற்கு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை.