பெட்டியில் 175 வாட்ஸ், பொடி எழுத்தில் 80

போன மாதம் ஒருவர் கட்டைப் பையில் இரண்டு ஸ்பீக்கர்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டிலுமே ட்வீட்டர், அதாவது கீச்சென்ற மேல் சத்தங்களுக்கான சின்ன ஸ்பீக்கர், வேலை செய்யவில்லை. கழற்றிப் பார்த்தால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், வாய்ஸ் காயில், கருகி, தலைமுடி போன்ற கம்பி அறுந்து கிடக்கிறது. வார்னிஷ் தீய்ந்த வாடை மேஜை முழுக்க.

“ஸ்பீக்கர் 200 வாட்ஸ் தாங்கும்னு போட்டிருக்கு. ரிசீவர் 175 வாட்ஸ்தான். அப்புறம் எப்படி சார் எரியும்?” என்றார்.

ஆம்ப்ளிஃபயர் சர்வீஸில் இருக்கும் எல்லோரும் கேட்டுப் பழகிய கேள்விதான் இது. பதில் அவருடைய ரிசீவரின் (ஹோம் தியேட்டருக்கான பல சேனல் ஆம்ப்ளிஃபயர்) மேனுவலில், கடைசிப் பக்கத்தில், எறும்பு ஊர்கிற சைஸில் அச்சாகியிருந்தது. மூன்று வரி. ஓம்ஸ் என்பது ஸ்பீக்கரின் மின்தடை, அது குறைந்தால் வாட்ஸ் கூடும். டிஸ்டார்ஷன் என்பது ஒலி எவ்வளவு சிதைகிறது என்ற கணக்கு. சேனல் என்பது ஒரு ஸ்பீக்கருக்கான வழி. 8 ஓம்ஸ், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.08% டிஸ்டார்ஷன், இரண்டு சேனல் ஓடும்போது 80 வாட்ஸ். 6 ஓம்ஸ், 1 கிலோஹெர்ட்ஸ் மட்டும், 0.7% டிஸ்டார்ஷன், அதே இரண்டு சேனலுக்கு 120 வாட்ஸ். 6 ஓம்ஸ், 1 கிலோஹெர்ட்ஸ், 10% டிஸ்டார்ஷன், ஒரே ஒரு சேனல் ஓடும்போது 175 வாட்ஸ்.

மூன்றும் ஒரே மெஷின்தான். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டது மூன்றாவதை. பொய் என்று சொல்ல முடியாது, அதுதான் சாமர்த்தியம்.

அந்த 10% என்றால் என்ன என்று அவருக்கு ஸ்கோப்பிலேயே (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) காட்டினேன். ஸ்பீக்கருக்குப் பதில் சத்தம் போடாத மின்தடை ஒன்றை, டம்மி லோடு என்போம், மாட்டி, 1 கிலோஹெர்ட்ஸ் டோன் கொடுத்து, வால்யூமை மெதுவாக ஏற்றினேன். திரையில் அலை வழவழவென்று வளர்ந்துகொண்டே போகிறது. ஓர் இடத்தில் பவர் சப்ளையின் வோல்டேஜ் தீர்ந்துபோகிறது. அதற்கு மேல் அலைக்கு ஏற இடமில்லை. உச்சி தோசைக்கல் மாதிரித் தட்டையாகிறது, அடியும் அப்படியே. இதைத்தான் கிளிப்பிங் என்கிறோம். இதற்குப் பிறகும் வால்யூமைத் திருகினால் மீட்டரில் வாட்ஸ் ஏறத்தான் செய்யும், ஏனென்றால் தட்டையான அலையிலும் சக்தி இருக்கிறது. கிளிப்பிங் தொடங்கும் இடத்திலிருந்து 10% வரை தள்ளினாலே கால் பங்கு வாட்ஸ் சும்மா கூடிவிடும். அதற்கு மேல் 6 ஓம்ஸ், ஒற்றை சேனல் என்று சலுகை கொடுத்தால் 80 என்பது 175 ஆகிறது.

ட்வீட்டர் எரிந்ததும் இதனால்தான். சாதாரணமாகப் பாட்டு ஓடும்போது ட்வீட்டருக்குப் போவது சில வாட்ஸ்தான். பெட்டியில் போட்ட 200 வாட்ஸ் ஸ்பீக்கர் மொத்தத்துக்கும் சொன்ன கணக்கு, அந்தச் சின்னக் காயிலுக்கு இல்லை. உச்சி வெட்டுப்பட்ட அலையில் மேல் ஃப்ரீக்வென்சிகள் புதிதாக முளைக்கும். அவை நேராக ட்வீட்டருக்குப் போகும். மனிதர் பொங்கலன்று மொட்டை மாடியில் நாலு மணி நேரம் ஓட்டியிருக்கிறார்.

டிஸ்டார்ஷன் என்றால் புதிதாக முளைப்பதுதான். சங்கீதம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விளக்கம் இது. ஆம்ப்ளிஃபயருக்குள் ஸட்ஜம் மட்டும் போகிறது என்று வையுங்கள். இரண்டாவது ஹார்மோனிக், அதாவது இரண்டு மடங்கு ஃப்ரீக்வென்சி, முளைத்தால் மேல் ஸட்ஜம், அதனால் காதுக்கு உறுத்தாது. மூன்றாவது மேல் பஞ்சமம். ஐந்தாவது அந்தர காந்தாரம், தம்புராவில் மீட்டாமலே கேட்கிறதே, அந்த காந்தாரம். தம்புராவில் அது அழகு. பஞ்சமமே இல்லாத ஹிந்தோளம் பாடும்போது ஆம்ப்ளிஃபயர் தன் பங்குக்கு ஒரு பஞ்சமத்தைச் சேர்த்தால்? ஏழாவது, பதினொன்றாவது என்று போகப் போகச் சுருதியோடு ஒட்டாமல் கரகரக்கும். கிளிப்பிங்கில் வருவது பெரும்பாலும் இந்த ஒற்றைப்படைக் கூட்டம். டிஹெச்டி (டோட்டல் ஹார்மோனிக் டிஸ்டார்ஷன்) என்ற எண் இவை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சதவீதமாகச் சொல்கிறது. எது எவ்வளவு என்று சொல்லாது.

அதனால் 0.08%-ஐ விட 0.05% உசத்தி என்று மாடலுக்கு மாடல் தாவாதீர்கள். 0.1% என்பதே மூல ஒலியை விட 60 டெசிபல் கீழே கிடக்கிறது. வீட்டு ஸ்பீக்கர்கள் பேஸில் தாமாகவே 1%, சமயத்தில் அதற்கு மேலும் சேர்க்கின்றன. அந்தச் சதவீதத்தைத் தரம் பார்க்க வைத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் இருக்கும் வாட்ஸை எப்படிச் சமைத்தார்கள் என்று கண்டுபிடிக்கத்தான் அது உதவும்.

இந்தச் சமையல் புதிதில்லை. தொண்ணூறுகளில் டேப் ரிக்கார்டரில் ‘பிஎம்பிஓ 1000 வாட்ஸ்’ என்று, கண நேர உச்சத்தைக் காட்டும் கணக்கை, ஒட்டிக்கொண்டு வந்ததே, அந்த வம்சம். அமெரிக்காவில் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974-இலேயே இதற்கு ஒரு விதி போட்டது. 2024-இல் அதைத் திருத்தி, 8 ஓம்ஸ், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், 1%-க்கு மேல் போகாத டிஸ்டார்ஷன் என்று அளக்கும் முறையை இறுக்கினார்கள். நீங்களும் கடையில் அந்த அளவுகோலையே கேளுங்கள். சேல்ஸ்மேன் விழித்தால் மேனுவலை போனில் இறக்கிப் பார்த்துவிடலாம்.

‘இரண்டு சேனல் ஓடும்போது’ என்பதையும் மறக்க வேண்டாம். ஏழு சேனலுக்கும் பவர் சப்ளை ஒன்றுதான். எல்லாம் சேர்ந்து இழுத்தால் சில ரிசீவர்களில் சேனலுக்குப் பாதிதான் மிஞ்சும். பின்பக்க ஸ்டிக்கரில் மின்சாரச் செலவு எத்தனை வாட்ஸ் என்று பாருங்கள். அதை மிதமான ஓட்டத்தில்தான் அளப்பார்கள், ஆகவே கடைசித் தீர்ப்பு இல்லை. ஆனாலும் பெட்டியில் 1000 வாட்ஸ், ஸ்டிக்கரில் 85 வாட்ஸ் என்றால் கணக்கு இடிக்கிறது.

சரி, எவ்வளவு போதும்? பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி ஹால், 88 டெசிபல் சென்சிடிவிட்டி (ஒரு வாட்ஸுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் எவ்வளவு சத்தம்) உள்ள ஸ்பீக்கர் என்றால், படம் பார்க்கும்போது சராசரியாக ஒரு வாட்ஸ்கூடச் செலவாகாது. வெடிச் சத்தம் வரும் கணத்தில்தான் முப்பது, நாற்பது கேட்கும். நிஜமான 80 தாராளம். 175-உம் நிஜம் என்றே வைத்தாலும் 80-ஐ விட மூன்றரை டெசிபல்கூட அதிகமில்லை. சத்தம் இரட்டிப்பாகக் கேட்க பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். அந்தக் காசைச் சென்சிடிவிட்டி கூடுதலான ஸ்பீக்கரில் போடுங்கள். சப்வூஃபர் இருந்தால் பேஸைப் பிரித்து அதற்கு அனுப்பும் எல்லையை, க்ராஸ்ஓவரை, 80 ஹெர்ட்ஸில் வைத்துவிடுங்கள், பேஸ் சுமை ரிசீவரை விட்டு இறங்கும். மூடிய டிவி ஷெல்ஃபுக்குள் திணிக்காதீர்கள், நம் ஊர் சித்திரை வெயிலுக்கு அது அடுப்பு.

அவருக்கு இரண்டு ட்வீட்டரும் மாற்றிக் கொடுத்தேன். “அப்போ மொட்டை மாடிக்கு எத்தனை வாட்ஸ் வாங்கணும் சார்?” என்று பில்லைப் பார்த்துக்கொண்டே கேட்டார். தெருமுனை சவுண்ட் சர்வீஸ்காரரிடம் ஒரு நாள் வாடகை என்ன என்று விசாரிக்கச் சொன்னேன்.