காரை செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும்: கிராகோவ் மரியன்னை ஆலயம்

போலந்தின் கிராகோவ் நகரச் சந்தைச் சதுக்கத்தில் தெருக்கள் பெரும்பாலும் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடும். மரியன்னை ஆலயமோ கோணலாக நிற்கும். கட்டியவர்கள் பிசகவில்லை, சதுக்கத்தைவிட ஆலயம் மூத்தது. ஆயர் ஈவோ ஒட்ரோவோன்ஷ் காலத்தில், 1220-களில் எழுந்த முதல் கோயில் 1241-இல் மங்கோலியப் படையெடுப்பில் அழிந்தது. 1257-இல்தான் மக்டபுர்க் சட்டம் என்ற ஜெர்மானிய நகரச் சட்டப்படி சாசனம் கிடைத்து நகரைக் கட்டம் கட்டமாக அளந்தார்கள். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோயிலைத் திரும்ப எழுப்பியபோதும் பழைய கோணத்தை விடவில்லை.

இது வட்டார மக்களுக்கான பங்குக் கோயில், ஆயரின் இருக்கையுள்ள பேராலயம் (கதீட்ரல்) அல்ல. பேராலயம் சற்றுத் தள்ளி வாவெல் குன்றில், அரண்மனையோடு இருக்கிறது. இங்கே செலவழித்தவர்கள் நகர வணிகர்கள். பலிபீடப் பகுதி 1355-1365 வாக்கில் வியெஷினெக் என்ற பெருவணிகரின் பணத்தில் எழுந்தது. இரண்டு கோபுரங்களும் சம உயரம் இல்லை என்பதற்கு அண்ணன் தம்பி சண்டைக் கதை ஒன்று சொல்வார்கள். கதை சுவையானது, காரணம் வேறு. 82 மீட்டர் வடக்குக் கோபுரம் நகரின் காவல் கோபுரம். இன்றும் மணிக்கொரு தரம் அங்கிருந்து நான்கு திசைக்கும் எக்காளம் ஊதுகிறார்கள். 69 மீட்டர் தெற்குக் கோபுரம் ஆலய மணிகள் தொங்கும் கோபுரம்.

கட்டடம் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது கோபுரத்தை அல்ல, சுவரைத் தாங்கும் முட்டுகளை. உயரமான வளைகூரை சுவரை வெளிப்பக்கம் தள்ளும். பிரெஞ்சுப் பேராலயங்களில் அந்தத் தள்ளலை, வெளியே வில்லாக நீளும் உதைவளைவுகள் வாங்கிக்கொள்ளும். கிராகோவ் கொத்தர்கள் வேறு வழி கண்டார்கள். நடுக்கூடத் தூணைப் பக்கக்கூடத்தின் பக்கமாகத் தடிப்பாக்கினார்கள். அந்தத் தடிப்பையே மேலே இழுத்து, பக்கக்கூடக் கூரையைத் தாண்டி, உயரச் சுவரோடு ஒட்டிய முட்டாக நிறுத்தினார்கள். செங்கல்லுக்கு ஏற்ற சிக்கனமான வேலை. ஆனால் இத்தகைய அமைப்பில் முட்டு கூரையைத் துளைத்துக்கொண்டு வெளிவரும் இடம்தான் பலவீனம். அங்கே இடைவெளியை மூடும் தகடு விலகினாலோ இலைக்குப்பை தேங்கினாலோ மழைநீர் தூணின் உட்புறம் வழியாக இறங்கும். ஈரத்திட்டு தென்படுவது பல மீட்டர் கீழே. திட்டு தெரிந்த இடத்தில் பூச்சைச் சுரண்டிப் பயனில்லை. மழை பெய்யும்போதே மேலே ஏறிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது செங்கல் வரிசை. நீளப்பக்கம் தெரியும் கல் இரண்டு, குறுகிய பக்கம் தெரியும் கல் ஒன்று என்று வந்தால் போலந்தில் பொதுவாக முந்தைய வேலை. ஒன்றுக்கொன்று மாறி மாறி வந்தால் பெரும்பாலும் 14-ஆம் நூற்றாண்டும் அதற்குப் பிறகும். ஒரே சுவரில் இரண்டும் வந்தால் நடுவே இரண்டு காலத்து வேலைகள் சேரும் தையல் ஓடுகிறது என்று பொருள். பின்னாளில் விரிசலும் அந்தத் தையலைத் தேடித்தான் போகும். இதைப் படிக்காமல் மேலே பூசி மறைப்பது நோயாளியின் பழைய சீட்டைக் கிழித்துப் போடுவதற்குச் சமம்.

இப்படிப்பட்ட சுவர்களைக் கெடுப்பதில் வயதைவிட சிமென்ட்டுக்குப் பங்கு அதிகம். சுண்ணாம்புக் காரை மென்மையானது, ஈரத்தை வெளியே விடும். சுவர் அசைந்தால் காரை விட்டுக்கொடுக்கும், செங்கல் தப்பும். இணைப்பில் சிமென்ட் அடைத்தால் ஈரம் போக வழியின்றிச் செங்கல்லின் முகம் வழியே வெளியேறும். அதோடு உப்பும் வந்து படியும். குளிர்காலத்தில் உறையும் நீர் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். சில ஆண்டுகளில் செங்கல் முகம் பொரிந்து உதிர, சிமென்ட் கோடு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

செய்முறை எளிது, பொறுமைதான் வேண்டும். கெட்ட காரையை உளியால் மட்டும் எடுங்கள். சுழல் அறுப்பான் செங்கல்லின் விளிம்பைத் தின்றுவிடும். ஆழம் இணைப்பின் அகலத்தைப் போல இரண்டு மடங்காவது, சுமார் 25 மில்லிமீட்டர் இருக்கட்டும். தூசியைக் கழுவி, சுவரை நனைத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கரடுமுரடான மணல் சேர்த்து, படிப்படியாக அழுத்தி அடையுங்கள். நீர் அதிகமானால் சுருங்கி வெடிக்கும். 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும் நாட்களில் வேலையைத் தொடாதீர்கள். முடித்ததும் ஈரச்சாக்கு தொங்கவிட்டுப் பல நாட்கள் காக்க வேண்டும். காரை காற்றை உண்டு இறுகுவது மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். அவசரப்படுகிற ஒப்பந்தக்காரர் சிமென்ட்டுக்குத் தாவுவது இந்த இடத்தில்தான்.

உள்ளே பலிபீடத்தின் பின்னால் நிற்கும் மரச்சிற்பத் தொகுதிக்கும் இதே கணக்குத்தான். ஜெர்மனியின் நூரம்பெர்க்கிலிருந்து வந்த சிற்பி ஃபைட் ஷ்டோஸ் 1477 முதல் 1489 வரை செய்தது. உயரம் சுமார் 13 மீட்டர். சட்டகம் ஓக் மரம், உருவங்கள் லிண்டன் மரம். 1939-இல் போருக்கு முன் பிரித்து ஒளித்து வைத்தும் நாஜிகள் கண்டெடுத்து நூரம்பெர்க்குக்குக் கொண்டுபோனார்கள். 1946-இல் நாடு திரும்பியது, ஆலயத்தில் மறுபடி நின்றது 1957-இல். அக்காலச் சிற்பிகள் பெரிய உருவங்களின் முதுகைக் குடைந்து எடுப்பார்கள். மரம் அதன் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில், நடுவிலிருந்து வெளியே போகும் ஆரத் திசையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். நடுத்தண்டு உள்ளே இருந்தால் பிளந்தே தீரும். அப்படியும் வரும் மெல்லிய விரிசலைக் கடினமான பிசினால் அடைத்தால், ஆலயத்தைச் சூடாக்கிக் காற்றை உலர்த்தும் முதல் குளிர்காலத்திலேயே மரம் சுருங்கி, பிசினுக்குப் பக்கத்தில் புதிதாக வெடிக்கும்.