‘இவ்வளவுதானா?’: கொண்டாடப்பட்ட படங்கள் சிலருக்கு ஏன் சப்பென்று போகின்றன

இலங்கையின் வன்னிப் பகுதியில், வட்டக்கச்சியில் எங்கள் வீட்டு விறாந்தை. மேசையில் மடிக்கணினி, அதற்கு முன்னால் அக்காவின் மகன். பக்கத்தில் பாயைப் போட்டு, சுளகில் முருங்கையிலை உருவிக்கொண்டு அம்மா. ஓடிக்கொண்டிருந்தது விற்றோரியோ டி சிக்கா இயக்கி 1948 இல் வந்த இத்தாலியப் படமான ‘பைசிக்கிள் தீவ்ஸ்’.

மருமகன் அந்தப் படத்தைப் பற்றி நிறைய வாசித்துவிட்டுத்தான் உட்கார்ந்தான். பிரிட்டனில் வரும் ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்ற இதழ் 1952 இல் முதல்முறையாக விமர்சகர்களிடம் வாக்கெடுத்தபோது, உலகின் மிகச் சிறந்த படமாக முதலிடத்துக்கு வந்தது இதுதான். அம்மாவுக்கு இதில் ஒன்றும் தெரியாது. “என்ன படமப்பன்?” என்று கேட்டார். “ஒருத்தன்ர சைக்கிள் களவு போட்டுது அம்மம்மா. தேடுறான்” என்றான். அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்த முன்னுரை.

அரைவாசிப் படத்தில் அவன் கை போனுக்குப் போனது. முடிந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, “இவ்வளவுதானா மாமா? இதையா உலகத்திலேயே திறம் எண்டவை?” என்றான். அம்மா ஒன்றும் பேசவில்லை. சுளகில் முருங்கையிலை பாதியில் கிடந்தது.

அவன் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அவனுக்குப் படம் பிடிக்கவில்லை. ஒரே திரையை ஒரே நேரத்தில் பார்த்த இரண்டு பேருக்கு இரண்டு விதமாக நடந்தது எப்படி என்பதுதான் எனக்குப் பல நாள் மண்டைக்குள் ஓடிய கேள்வி. இரசனை, வயது என்று சொல்லிக் கடந்து போகலாம். ஆனால் மூளைக்குள் நடக்கும் கணக்கைப் பார்த்தால் அதைவிட நல்ல விளக்கம் இருக்கிறது.

தொண்ணூறுகளில் சுவிற்சர்லாந்தில் வூல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளின் மூளையில் டோபமீன் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் நரம்புக் கலங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். குரங்கின் வாயில் ஒரு சொட்டுப் பழச்சாறு விழும். எதிர்பாராமல் விழும்போது அந்தக் கலங்கள் படபடவென்று துடித்தன. இனிப்புக் கிடைத்தால் மூளை மகிழ்கிறது என்று இதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சாறு வருவதற்குக் கொஞ்சம் முன்னர் ஒரு வெளிச்சத்தைக் காட்டி, அதையே திரும்பத் திரும்பச் செய்தபோது துடிப்பு இடம் மாறிவிட்டது. வெளிச்சம் தெரிந்ததும் கலங்கள் துடித்தன. சாறு விழுந்தபோது பேசாமல் இருந்தன. அதே சாறு, அதே அளவு, அதே வாய். மூளைக்கு அதில் புதிய செய்தி எதுவும் இல்லை.

மூன்றாவது கட்டம் இன்னும் முக்கியம். வெளிச்சத்தைக் காட்டிவிட்டுச் சாற்றைக் கொடுக்காமல் விட்டார்கள். சாறு விழ வேண்டிய அந்தக் கணத்தில், சரியாக அந்தக் கணத்தில், கலங்களின் துடிப்பு வழமையான அளவுக்கும் கீழே இறங்கியது. கிடைக்காமல் போனதை மூளை நேரம் பார்த்துக் கழித்தது. 1997 இல் ஷுல்ட்ஸும் அவருடன் சேர்ந்த இருவரும் இதை ஒரு கணக்காக எழுதிக் காட்டினார்கள். கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்தால் வரும் மிச்சம் எவ்வளவோ, அதைத்தான் இந்தக் கலங்கள் சொல்கின்றன. எதிர்வுப் பிழை என்று இதைத் தமிழில் சொல்லலாம்.

மனிதருக்கும் இந்தக் கணக்குப் பொருந்துமா? இலண்டனில் ரொப் ரட்லெட்ஜ் என்பவரின் குழு சின்னச் சின்னப் பணப் பந்தயங்களை விளையாடக் கொடுத்து, இடையிடையே ‘இப்போது எவ்வளவு சந்தோசமாக இருக்கிறீர்கள்?’ என்று கேட்டது. பிறகு அதையே கைத்தொலைபேசிச் செயலியாக்கி 18,420 பேரிடம் சோதித்தது. 2014 இல் வந்த முடிவு இது: எவ்வளவு வென்றார்கள் என்பதைவிட, நினைத்ததைவிடக் கூட வந்ததா குறைய வந்ததா என்பதுதான் அந்தக் கணத்தின் சந்தோசத்தைத் தீர்மானித்தது.

இப்போது மருமகனிடம் திரும்பி வருவோம். ‘உலகின் மிகச் சிறந்த படம்’ என்ற சொல்தான் அவனுக்குக் காட்டிய வெளிச்சம். அந்தச் சொல்லை வாசித்தபோதே அவன் பாதிச் சந்தோசத்தை அனுபவித்து முடித்துவிட்டான். பிறகு ஒவ்வொரு காட்சியும் அந்தச் சொல்லுக்கு ஈடாக நிற்க வேண்டும். மழையில் ஒதுங்கி நிற்கும் தகப்பனும் மகனும் அதற்கு ஈடாக மாட்டார்கள். எந்தக் காட்சியாலும் ஆகாது. அம்மாவின் பக்கத்தில் கழிக்க ஒன்றும் இருக்கவில்லை.

அப்படியென்றால் புகழ் எப்போதும் படத்தைக் கெடுத்துவிடுமா? இல்லை, பல நேரம் தூக்கியும் விடுகிறது. கலிபோர்னியாவில் 20 பேருக்குத் திராட்சை மதுவைக் கொடுத்து மூளையைப் படம்பிடித்தார்கள். ஒரே மதுவை ஒருதரம் 10 டொலர் என்றும் இன்னொருதரம் 90 டொலர் என்றும் சொன்னார்கள். 90 டொலர் என்று கேட்டபோது மது கூடச் சுவைத்தது. வாயளவில் சொன்ன சமாளிப்பு இல்லை அது. இன்பத்தை உணரும் மூளைப்பகுதியே கூட வேலை செய்தது. 2008 இல் வெளியான ஆய்வு அது.

ஆக, எதிர்பார்ப்பு இரண்டு பக்கமும் இழுக்கும். கிடைத்தது எதிர்பார்த்ததற்குக் கிட்ட இருந்தால் மூளை அதையும் சேர்த்து மேலே தூக்கிவிடுகிறது. இடைவெளி ஓர் அளவைத் தாண்டிவிட்டால் அதே எதிர்பார்ப்பு எதிரியாகிவிடும். அப்போது இருப்பதைவிடவும் தாழ்வாகத் தெரியத் தொடங்கும். கிணற்றடியில் குளிக்கும் எவருக்கும் இது தெரியும். மார்கழி விடியலில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். பங்குனி நண்பகலில் வயலால் வந்து அள்ளி ஊற்றினால் குளிரும். தண்ணீரின் வெப்பம் பெரிதாக மாறுவதில்லை. நாம் எந்த உடம்போடு வந்து நிற்கிறோம் என்பதுதான் மாறுகிறது.

இந்த எல்லையை ஒரு படம் எப்போது தாண்டும் என்பதைப் பெரும்பாலும் முதல் பத்துப் பதினைந்து நிமிடங்கள் முடிவுசெய்கின்றன என்று நினைக்கிறேன். அதற்குள் பிடிபட்டால் புகழ் கைகொடுக்கும். பிடிபடவில்லையென்றால் பிறகு பார்ப்பதெல்லாம் குற்றப்பத்திரிகைக்கு ஆதாரமாகச் சேரும்.

விருது இன்னொரு வேலையும் செய்கிறது. 2014 இல் வெளியான ஓர் ஆய்வில் 64 நூல்களுக்கு வாசகர்கள் இணையத்தில் எழுதிய 38,817 மதிப்புரைகளை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு பக்கம் பெரிய இலக்கியப் பரிசுகளை வென்ற நூல்கள், மற்றப் பக்கம் இறுதிப் பட்டியல் வரை வந்து தோற்ற நூல்கள். பரிசு கிடைத்த பிறகு வென்ற நூல்களின் மதிப்பெண் கீழே இறங்கியது. நூலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. வாசிக்க வந்தவர்கள்தான் மாறினார்கள். முன்பு அந்த மாதிரி எழுத்துப் பிடித்தவர்கள் தேடிவந்து வாசித்தார்கள். பரிசுக்குப் பிறகு அது தங்களுக்கு ஒத்துவராது என்று தெரியாதவர்களும் பரிசை நம்பி வந்தார்கள். படங்களுக்கு இதே ஆய்வை அவர்கள் செய்யவில்லை. ஆனால் அதே பொறிதான் இங்கேயும் வேலை செய்கிறது என்று நம்புகிறேன். ஒரு படத்தை ‘அளவுக்கு மீறிப் புகழ்ந்துவிட்டார்கள்’ என்று சொல்கிறவர்களில் பலர், அந்தப் புகழ் இல்லாவிட்டால் அதன் பக்கமே போயிருக்காதவர்கள். இதில் அவர்களின் பிழை ஒன்றும் இல்லை. படத்தின் பிழையும் இல்லை.

எங்களுக்குக் கிட்டவே ஓர் உதாரணம் இருக்கிறது. 2015 இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது பெற்றது ‘தீபன்’. போர் முடியும் நேரம் இலங்கையிலிருந்து பிரான்சுக்குப் போய்ச் சேரும் ஒரு முன்னாள் போராளியின் கதை. இயக்கியவர் பிரெஞ்சுக்காரர் ஜாக் ஓடியார், நாயகனாக நடித்தவர் எழுத்தாளர் ஷோபாசக்தி. கோயன் சகோதரர்கள் தலைமை வகித்த நடுவர் குழு அதைத் திரையின் அடியில் ஓடிய எழுத்தை வாசித்துப் பார்த்தது. நாங்கள் காதால் கேட்டோம். ஒரு சொல் எந்த ஊர்ச் சொல், ஓர் இழுப்பு எங்கள் இழுப்பா என்று வன்னிக் காது தானாகவே பிரித்துப் பார்க்கும். அதை நிறுத்த முடியாது. விருதுச் செய்தி எங்களுக்குச் சொன்னது ‘உங்கள் கதை’ என்று. அந்த ஒரு சொல்லுக்காக நாங்கள் எதிர்பார்த்தது தங்கப் பனை எதிர்பார்த்ததைவிடப் பெரிது. எனக்கு அந்தப் படத்தின் முதல் பாதி மிகவும் பிடிக்கும், முடிவு பிடிக்காது. என்னோடு பார்த்த ஒருவருக்கு முழுப் படமும் எட்டாமலே போனது. அவர் போரின் கடைசி மாதங்களில் முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர். அந்த ஆளின் எதிர்பார்ப்பைக் கழித்து மிச்சம் காட்ட எந்த இயக்குநராலும் முடியாது.

பழைய படங்களுக்கு இன்னொரு பாரமும் உண்டு. ‘சைட் அண்ட் சவுண்ட்’ வாக்கெடுப்பில் 1962 தொடக்கம் 2002 வரை ஒவ்வொரு முறையும் முதலிடத்தில் நின்றது ‘சிட்டிசன் கேன்’. கமராவுக்குக் கிட்ட இருப்பவரும் தூர இருப்பவரும் ஒரே காட்சியில் துலக்கமாகத் தெரிவதும், கதை முன்னும் பின்னும் தாவுவதும் 1941 இல் பார்த்தவர்களுக்குப் பெரிய அதிசயம். பிறகு வந்தவர்கள் எல்லோரும் அதைக் கற்றுக்கொண்டு, நூறு படங்களில் செய்துவிட்டார்கள். இன்று அதை முதன்முதலாகப் பார்க்கிறவர் ஏற்கெனவே அந்த நூறு படங்களையும் பார்த்தவர். குரங்குக்குச் சாறு பழகின மாதிரி இவருக்கும் பழகிவிட்டது.

வேகமும் அப்படித்தான். 1930களின் அமெரிக்கப் படங்களில் ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையில் ஓடும் துண்டுக் காட்சி சராசரியாகப் பத்து வினாடி அளவுக்கு நின்றது. இப்போதைய படங்களில் அது சில வினாடிகள்தான். ஊரி ஹஸன் என்ற நரம்பியலாளரின் குழு ஆட்களைப் படம் பார்க்க விட்டு, அவர்களின் மூளைகள் எவ்வளவு ஒரேமாதிரி இயங்குகின்றன என்று அளந்தது. நியூயோர்க் பூங்காவொன்றில் கமராவை வைத்துச் சும்மா எடுத்த காட்சிக்கு மூளையின் வெளிப்படையான புறணியில் 5 சதவீதத்துக்கும் குறைவான பகுதிதான் எல்லோரிலும் ஒத்து இயங்கியது. ஹிட்ச்கொக்கின் இறுக்கமான தொலைக்காட்சிப் படத்துக்கு அது 65 சதவீதம். அப்படிப்பட்ட படம் எல்லோருடைய மூளையையும் ஒரே கயிற்றில் கட்டி இழுத்துப் போகிறது. ஆறுதலாக நகரும் படம் கயிற்றைத் தளர்த்திவிடுகிறது. மிச்ச இடத்தை நாம் கொண்டுவந்ததால்தான் நிரப்ப வேண்டும். இதனால்தான் மெதுவான, பெரும் புகழ் பெற்ற படங்களில் ஆட்கள் இவ்வளவு தூரம் பிரிந்து நிற்கிறார்கள் என்பது என் எண்ணம். நிரப்ப ஏதாவது இருந்தவருக்கு அது காவியம். இல்லாதவருக்கு ஒருவன் தெருத்தெருவாக நடக்கிறான்.

அம்மா எதைக் கொண்டுவந்தார் என்று எனக்குத் தெரியும். 1990 இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு வன்னிக்குள் பெற்றோலும் இல்லை, பற்றரியும் இல்லை. விறகு, நெல்மூட்டை, கர்ப்பிணிப் பெண், காய்ச்சல்காரர் என்று எல்லாம் சைக்கிள் கரியரில்தான் போயின. இரவுச் செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலிக்குக் கொடுப்போம். நான் சுற்றியிருக்கிறேன். கை ஓய்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் மெலிந்துகொண்டே போகும், அம்மா “சுத்து, சுத்து” என்பார். மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டின ஜெனரேற்றரில், யாரோ ஒருவரின் முற்றத்தில் படம் போட்ட இரவுகளும் உண்டு. என்ன படம் என்று பல நாள் போய் உட்காரும்வரை தெரியாது. பெட்டிக்குள் எந்த வீடியோக் கொப்பி வந்ததோ அதுதான். அந்த முற்றங்களில் ஒரு படத்தைப் பற்றி யாரும் ‘இவ்வளவுதானா?’ என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகுதான் அம்மா வாய் திறந்தார். சைக்கிள் கிடைத்ததா என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

“அந்தப் பெட்டை அடைவு வைச்ச படுக்கை விரிப்புகள்... அதைத் திருப்பி எடுத்ததுகளோ?”

மருமகன் என்னைப் பார்த்தான். படத்தின் தொடக்கத்தில், வேலைக்குத் தேவையான சைக்கிளை அடைவிலிருந்து மீட்பதற்காக மனைவி கட்டிலில் கிடந்த விரிப்புகளை உருவிக் கொண்டுபோய் அடைவு வைப்பாள். அவனுக்கு அது மறந்தே போயிருந்தது. மடிக்கணினியைத் திரும்பத் திறந்து, பின்னுக்கு இழுத்து அந்த இடத்தைக் கண்டுபிடித்தான். அடைவுகடை ஊழியர் அந்த விரிப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு தட்டுகளில் ஏறுகிறார். கமராவும் மெல்ல மேலே போகிறது. தட்டுக்கு மேல் தட்டாக, கூரை முட்ட, மற்ற வீடுகளின் மூட்டைகள்.

“இதை எப்பிடி விட்டனான்?” என்றான். அம்மாவைத் தனக்குப் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, அங்கிருந்தே திரும்ப ஓடவிட்டான்.