டயர்: பட்டையா, வட்டையா?

ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு கடையில் டயர் மாற்றக் காத்திருந்தேன். கனமான க்ரூஸர் பைக்கோடு வந்திருந்த இளைஞர் ஒருவர் கடைக்காரரிடம் கேட்டார்: "அண்ணே, பின்னாடி கார் டயர் போட்டா என்ன? சைஸ் சரியாத்தானே இருக்கு?" கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "போடலாம்பா. நேராவே போறதா இருந்தா போடலாம்."

பைக்குக்குக் கார் டயர் போடலாமா என்ற விவாதத்தில் பாதி அந்தப் பதிலிலேயே முடிந்துவிடுகிறது. மீதிப் பாதி சொல்லில் இருக்கிறது. காரில் இருப்பதும் டயர், பைக்கில் இருப்பதும் டயர். பெயர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றுதான், அளவு மட்டும் வேறு என்று தோன்றிவிடுகிறது.

டயர் ஆங்கிலச் சொல் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலத்தில் அது பிறந்த கதைதான் சுவையானது. உடை என்று பொருள்படும் 'அட்டயர்' என்ற சொல்லின் தலை உதிர்ந்து 'டயர்' ஆனது என்கின்றன சொற்பிறப்பு அகராதிகள். 'அட்டயர்' பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. ஒழுங்குபடுத்துவது, அணிசெய்வது என்ற பொருள் அதன் வேரில் உண்டு. ஆக, சக்கரம் உடுத்திய உடை டயர். 15-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இந்தச் சொல் புழங்கியிருக்கிறது. அப்போது ரப்பர் ஏது? மரச்சக்கரத்தின் விளிம்பில் அறைந்த இரும்புத் தகடுகளைத்தான் அப்படிச் சொன்னார்கள். களைப்பைக் குறிக்கும் 'டயர்' வேறு வேரிலிருந்து வந்தது, இதற்கு உறவே கிடையாது. சக்கரத்து டயரைப் பிரிட்டனில் ஒய் போட்டும் அமெரிக்காவில் ஐ போட்டும் எழுதுகிறார்கள். தமிழில் நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

ரப்பர் வந்தது பின்னால்தான். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் உறுதிப்படும் என்று சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டார். 1840-களில் ராபர்ட் தாம்சன் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கினார், யாரும் கண்டுகொள்ளவில்லை. பெல்ஃபாஸ்டில் ஜான் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதையே மறுபடி கண்டுபிடித்து 1888-இல் காப்புரிமை பெற்ற பிறகுதான் உலகம் காற்றில் உருள ஆரம்பித்தது.

நம்மூர் மாட்டுவண்டிச் சக்கரமும் இரும்பு உடுத்தியதுதான். ஆனால் அதை யாரும் டயர் என்று சொன்னதில்லை. பட்டை என்றார்கள், பட்டா என்றும் சொல்வார்கள். நடுவில் குடம், குடத்திலிருந்து கிளம்பும் ஆரக்கால்கள், அவற்றின் நுனிகளைச் சேர்த்து வட்டமாக வளைத்த மரம் வட்டை, அதன்மேல் பட்டை. பட்டையை வட்டையைவிடக் கொஞ்சம் சின்னதாக அடித்து, தீயில் பழுக்கக் காய்ச்சுவார்கள். விரிந்ததும் வட்டைமேல் இறக்கித் தண்ணீர் ஊற்றினால், சுருங்கி அப்படியே கவ்விக்கொள்ளும். காற்றடைத்த ரப்பர் சக்கரம் பூட்டிய மாட்டுவண்டி வந்ததும் அதற்கு 'டயர் வண்டி' என்று பெயர் விழுந்தது. பழையது கட்டைவண்டியாகவே இருந்தது. ஆங்கிலத்தில் இரும்புக்கும் ரப்பருக்கும் பொதுவாக இருந்த சொல், தமிழுக்கு வந்ததும் ரப்பருக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. இரும்புக்குத்தான் நம்மிடம் பெயர் இருந்ததே.

வந்த சொல்லை நாம் சும்மாவும் விடவில்லை. தேய்ந்துபோனால் மொட்டை டயர். ஆங்கிலக்காரர்கள் சக்கரத்துக்கு உடை போட்டுப் பார்த்தார்கள், நாம் முடி வளர்த்துப் பார்த்திருக்கிறோம். மேடு மேடாக இருந்தால் பட்டன் டயர். மாற்றுச் சக்கரத்துக்கு ஸ்டெப்னி என்கிறோமே, அது வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில் உள்ள ஒரு தெருவின் பெயர். 1904 வாக்கில் அங்கே மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். தெருப் பெயர் சரக்கோடு கப்பலேறி வந்து இங்கேயே தங்கிவிட்டது.

இன்னும் பழைய சொல் வேண்டுமென்றால் பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. உப்பு வண்டியின் சக்கரத்தைச் சொல்லும் இடத்தில் "கொழுஞ்சூட்டு அருந்திய திருந்துநிலை ஆரத்து, முழவின் அன்ன முழுமர உருளி" என்று வரும். ஆரம் என்பது ஆரக்கால், சூட்டு என்பது சக்கரத்தின் வளைந்த விளிம்பு, உருளி என்பது முரசு போன்ற நடுக்குடம். 'சூட்டு' என்ற சொல்லில் சூடுவதும் ஒலிக்கிறது. பூச்சூடுவதுபோல விளிம்பு சூடிய சக்கரம் என்று படிக்க எனக்குப் பிடிக்கும், இலக்கணக்காரர்கள் ஒப்புவார்களா என்பது வேறு. இன்று தமிழில் எழுதுகிறவர்கள் உருளிப்பட்டை, சக்கரப்பட்டை என்கிறார்கள். உருளி என்றால் இப்போது வரவேற்பறையில் தண்ணீர் நிரப்பிப் பூ மிதக்கவிடும் பித்தளைப் பாத்திரம்தான் கண்முன் வருகிறது. அதனால் என் ஓட்டு சக்கரப்பட்டைக்கு.

ஆனால் பட்டை என்று சொன்னதுமே ஒரு சிக்கல். பட்டை என்றால் தட்டையானது, அகலமானது. வண்டிப் பட்டைக்கும் கார் டயருக்கும் அது அச்சாகப் பொருந்தும். பைக் டயருக்குப் பொருந்தாது. பைக்குக்குக் கார் டயர் போடலாமா என்று விவாதிக்கிறவர்கள் மோதிக்கொள்ளும் இடமும் இதேதான்.

கத்திப்பாரா மேம்பாலத்தில் வளைந்து இறங்கும் வண்டிகளைப் பாருங்கள். கார் நிமிர்ந்தபடியே திரும்பும், பைக் சாய்ந்து திரும்பும். அதற்காகவே பைக் டயரின் முகத்தைக் குவிவாக வார்க்கிறார்கள். எவ்வளவு சாய்ந்தாலும் ஏறக்குறைய அதே அளவு ரப்பர் சாலையைத் தொடும். தட்டை முகமுள்ள கார் டயரைச் சாய்த்தால், அது தோள் விளிம்பில் ஏறி நிற்கும். பக்கச்சுவர் மடங்கும், வண்டி நிமிரத் துடிக்கும், ஹேண்டில்பாரை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பைக் டயரே ஓஎம்ஆரில் நேராக ஓடி ஓடி நடுவில் பட்டையாகத் தேய்ந்தால் வளைவில் பிசகும். புதிதாக வாங்கும்போதே பட்டையாக வாங்குவதா?

அப்படியும் ஏன் போடுகிறார்கள்? இது முக்கியமாக அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பழக்கம். ஹோண்டா கோல்ட்விங் போன்ற 1800 சிசி பைக்கின் பின்சக்கரத்துக்கு 180/60 ஆர்16, அதாவது 16 அங்குல ரிம்முக்கான டயர் போட்டு வந்தது. 16 அங்குலத்தில் கார் டயர் தாராளமாகக் கிடைக்கும், விலை குறைவு, பல மடங்கு தூரம் ஓடும். அப்படி மாறுவதை அங்கே 'டார்க் சைட்' போவது என்று கேலியாகச் சொல்கிறார்கள், இருட்டுப் பக்கம் தாவுவது. நேர் ஓட்டத்தில் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, இத்தனை வருஷம் ஓட்டி ஒன்றும் ஆகவில்லை என்பது அவர்கள் வாதம். ஒன்றும் ஆகவில்லை என்பதை நான் சான்றாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஹெல்மெட் போடாதவர்களும் அதையேதான் சொல்கிறார்கள்.

முகம் மட்டும் வேறு என்றால்கூடப் பரவாயில்லை. ரிம்மைக் கவ்வும் விளிம்பும் வேறு. கார் ரிம்மும் பைக் ரிம்மும் ஒரே 16 அங்குலம் என்று எழுதியிருந்தாலும், டயர் உட்காரும் திண்ணையின் வடிவம் ஒன்றல்ல. சரியாக உட்காராத டயரை அளவுக்கு மேல் காற்றடித்து உட்கார வைக்கப் போய் வெடித்தால், பக்கத்தில் குனிந்திருப்பது பஞ்சர் கடைக்காரர். பைக் டயரின் பக்கச்சுவரில், அளவை ஒட்டி 'எம்/சி' என்று பொறித்திருப்பது இதற்காகத்தான்: இது மோட்டார் சைக்கிள் ரிம்முக்கு. சாயாத வண்டிகளின் கதை வேறு. சைடுகார் பூட்டிய பைக்குக்குக் கார் டயர் போடுவதை யாரும் பெரிதாக எதிர்ப்பதில்லை. நம் ஆட்டோவும் மூன்று காலில் நிமிர்ந்தே திரும்புகிறது.

சென்னையின் பெரும்பாலான பைக்குகளுக்கு இந்தக் கவலையே இல்லை. 17, 18 அங்குல ஒல்லி ரிம்முக்கு ஏற்ற கார் டயர் கடையில் கிடையாது. 16 அங்குலப் பின்சக்கரத்தோடு 650 சிசி க்ரூஸர்கள் வந்த பிறகுதான் இங்கேயும் அந்த ஆசை எட்டிப்பார்க்கிறது. வேடிக்கை என்னவென்றால், 1946-இல் பலூன் செய்ய ஆரம்பித்துப் பின்னால் டயருக்கு வந்த எம்ஆர்எஃப்பும், 1950-களில் புல்லட் செய்யத் தொடங்கிய என்ஃபீல்டும் வளர்ந்தது ஒரே திருவொற்றியூரில்தான்.

சரி, சொல்லுக்கு வருவோம். பேச்சில் டயர் டயராகவே இருக்கட்டும். எழுத்தில் ரிம்முக்கு வட்டை, டயருக்குச் சக்கரப்பட்டை. பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் காருக்குத் தட்டைப்பட்டை, பைக்குக்குக் குவிபட்டை என்று வைத்துக்கொள்ளலாம். பள்ளியில் குவிலென்ஸ் படித்த எவருக்கும் இது புரியும். அன்றைக்கே கடைக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். "பேரு நல்லாத்தான் இருக்கு சார்," என்றார். "சைஸ் என்ன?"