டிசைன்-பில்ட் கொடுத்துவிட்டால் கவலை விட்டதா?

மறுபடியும் அதே பஞ்சாயத்து. கட்டடம் முடியப்போகிற நேரத்தில் உரிமையாளரும் கான்ட்ராக்டரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஃபால்ஸ் சீலிங் 2.7 மீட்டரில் வரும் என்று நினைத்திருந்தார் உரிமையாளர், வந்தது 2.27. "எங்கே எழுதியிருக்கிறது, காட்டுங்கள்" என்கிறார் கான்ட்ராக்டர். ஒப்பந்தத்தைப் புரட்டினால் "நவீன வசதிகளுடன் கூடிய அலுவலகக் கட்டடம்" என்று ஒரு வரி இருக்கிறது. அவ்வளவுதான்.

வணிகக் கட்டடம் கட்டுபவர்களிடம் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. டிசைனும் கட்டுமானமும் சேர்த்து ஒரே நிறுவனத்திடம் டிசைன்-பில்டாகக் கொடுத்தாயிற்று, பொறுப்பு முழுக்க அவர்களுடையது, நாம் சாவியை வாங்கிக்கொண்டால் போதும் என்று. இதில் பாதி சரி. மீதிப் பாதிதான் பணத்தைக் கரைக்கிறது. டிசைன்-பில்டில் கான்ட்ராக்டர் தலையில் ஏறுவது டிசைனின் பொறுப்பு. உங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்லும் பொறுப்பு உங்களிடமேதான் இருக்கிறது. அதை யாராலும் ஏற்றுக்கொள்ளவும் முடியாது, ஏனென்றால் அந்தக் கட்டடத்தில் என்ன செய்யப் போகிறீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

வழக்கமான முறையில் ஆர்க்கிடெக்ட் வரைகிறார், கான்ட்ராக்டர் அதைப் பார்த்துக் கட்டுகிறார். வரைபடம் தவறென்றால் அதைக் கொடுத்த உரிமையாளர்தான் பதில் சொல்ல வேண்டும். புரூக்ளின் கடற்படைத் தளத்தின் உலர் துறை (கப்பல் பழுதுபார்க்கும் தொட்டி) தொடர்பாக ஸ்பியரின் என்ற கான்ட்ராக்டரின் வழக்கில் 1918-இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் இப்படித்தான் தீர்ப்பளித்தது. டிசைன்-பில்டில் வரைபவரே கட்டுவதால் அந்தப் பழி இடம் மாறுகிறது. ஆனால் கூடவே இன்னொன்றும் மாறுகிறது, அதை யாரும் கவனிப்பதில்லை. முன்பு உங்கள் சார்பில் சைட்டுக்குப் போய் "இது சரியில்லை, இடித்துக் கட்டு" என்று சொன்ன ஆர்க்கிடெக்ட் இப்போது கான்ட்ராக்டரிடம் சம்பளம் வாங்குகிறார். உங்கள் பக்கம் ஆளே இல்லை. ஆகவே தனியாக ஒரு பொறியாளரை உங்கள் சார்பில் வைத்துக்கொள்ளுங்கள். டெண்டருக்கு முன்பே வையுங்கள். கான்கிரீட் போட்ட பிறகு கூப்பிட்டால் அவரால் கடிதம் மட்டும்தான் எழுத முடியும்.

சீலிங் கணக்குக்கு வருவோம். மாடிக்கு மாடி உயரம் 3,600 மில்லிமீட்டர் என்று வையுங்கள். தரைப் பூச்சும் டைல்ஸும் 75. ஸ்லாபோடு சேர்த்து பீம் 650. பீமுக்கு அடியில் ஏ.சி. டக்ட், அதாவது குளிர்காற்றுக் குழாய், 350, மேலும் கீழும் இன்சுலேஷன் 25 வீதம் சேர்த்தால் 400. டக்டுக்குக் கீழே குறுக்காகப் போகும் ஸ்பிரிங்க்லர் (தீயணைப்புத் தண்ணீர்) பைப்புக்கும் கேபிள் டிரேக்கும் 100. சீலிங் பிரேமுக்கும் விளக்குக்கும் 100. மிச்சம் 2,275. இதில் யாரும் ஏமாற்றவில்லை. ஸ்ட்ரக்சுரல் ஆள் தன் பீமை வரைந்தார், ஏ.சி. ஆள் தன் டக்டை வரைந்தார். சீலிங் உயரத்துக்கென்று ஓர் எண் இல்லாததால் எல்லோருக்கும் போக மிஞ்சியது சீலிங்குக்கு.

"முடிந்த தரையிலிருந்து சீலிங் அடிவரை குறைந்தது 2,700 மி.மீ., எல்லா அலுவலகப் பகுதிகளிலும்" என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் பழி கான்ட்ராக்டருக்கு. அவரும் முதல் மாதத்திலேயே விழித்திருப்பார். டக்டை பீம்களுக்கு இணையாக ஓட்டியிருப்பார், அல்லது பீம் இல்லாத ஃபிளாட் ஸ்லாபுக்கு மாறியிருப்பார், அல்லது மாடி உயரத்தைக் கூட்டி அதற்கான விலையைச் சொல்லியிருப்பார். பேப்பரில் இது ஒரு வார வேலை. பீம் வார்த்த பிறகு டக்டுக்காகத் துளை போடலாமா என்று கேட்காதீர்கள். தயவுசெய்து கேட்காதீர்கள்.

பாரமும் இப்படித்தான். அலுவலகத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 250 முதல் 300 கிலோ அளவில் பயன்பாட்டுச் சுமை (ஆட்கள், மேசை நாற்காலி போன்றவற்றின் எடை) எடுத்து டிசைன் செய்வது சாதாரணம். மூன்றாம் மாடியில் தண்டவாளத்தில் நகரும் ஃபைல் ரேக் வைக்கும் எண்ணம் இருந்தால், நிறையக் காகிதம் அடுக்கிய ரேக் சதுர மீட்டருக்கு ஒரு டன்னைத் தொடும். சர்வர் அறை, யு.பி.எஸ். பேட்டரி, தண்ணீர்த் தொட்டி, ஃபோர்க்லிஃப்ட் ஓடும் தரை, இவை ஒவ்வொன்றையும் எந்த மாடி, எந்த மூலை என்று குறித்துக் கொடுங்கள். "அலுவலகம்" என்று மட்டும் எழுதினால் அலுவலகத்துக்கு உரிய சுமைதான் கிடைக்கும், கான்ட்ராக்டர் மேல் தப்பு சொல்ல முடியாது.

"நல்ல ஏ.சி.", "தரமான விளக்கு", "முதல் தர பெயின்ட்" என்பதெல்லாம் தேவை அல்ல, ஆசை. முடிவையும் அதை அளக்கும் முறையையும் சேர்த்து எழுதுங்கள். மேசை மட்டத்தில் 500 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) வெளிச்சம். ஆட்கள் நிரம்பியிருக்கும்போது அறை 24 டிகிரி, கூடவோ குறையவோ ஒரு டிகிரி. எந்தக் கருவியால், எத்தனை இடத்தில், எந்த வெளி வெப்பநிலையில் அளப்பது என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள். பிராண்டு பெயரை எழுதி "அல்லது அதற்கு இணையானது" என்று சேர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இணையானதா என்று யார் தீர்மானிப்பது என்பதை எழுதாவிட்டால், தீர்மானிப்பவர் கான்ட்ராக்டரின் பர்சேஸ் மேனேஜர்.

லம்ப்சம், அதாவது முழு வேலைக்கும் ஒரே மொத்த விலை, என்றால் விலை ஏறாது என்ற நினைப்பு அடுத்தது. எழுதிக் கொடுத்ததற்கு விலை ஏறாது, சரி. டிராயிங் 30 சதவீத நிலையில் இருக்கும்போது லம்ப்சம் கேட்டால், தெரியாததற்கெல்லாம் கான்ட்ராக்டர் ஒரு தொகையைப் போட்டு வைப்பார், அல்லது போடாமல் விட்டுப் பின்னால் எக்ஸ்ட்ராவாகக் கேட்பார். மண் பரிசோதனை இல்லாமல் விலை கேட்பது இதில் உச்சம். போர்ஹோல் போட்டு அறிக்கை கொடுங்கள், அதை அவர் எவ்வளவு நம்பலாம் என்பதையும் ஒப்பந்தத்தில் சொல்லுங்கள். தேவைகள் இன்னும் முடிவாகவில்லையா? இரண்டு கட்டமாகக் கொடுங்கள். முதல் கட்டத்தில் டிசைனுக்கு மட்டும் கட்டணம், செலவுக் கணக்கு திறந்த புத்தகமாக இருக்கட்டும். டிசைன் ஓரளவு முதிர்ந்ததும் விலை பேசுங்கள், ஒத்துவராவிட்டால் டிராயிங்கை எடுத்துக்கொண்டு விலகும் உரிமையும் இருக்கட்டும். டிராயிங்கின் உரிமை யாருக்கு என்று எழுதாமல் விலகினால் வெறுங்கையோடுதான் விலக வேண்டும்.

பிறகு, டிராயிங் பார்க்கும்போது வாயை அடக்குங்கள். "இங்கே ஒரு கதவு இருந்தால் நன்றாக இருக்குமே" என்று ஓரத்தில் எழுதுவீர்கள், அது வேரியேஷனாக, அதாவது கூடுதல் பணம் கேட்கும் மாற்றமாக, திரும்பி வரும். ஒப்பந்தத்துக்கு எங்கே பொருந்தவில்லை என்பதைப் பிரிவு எண்ணோடு குறிப்பிடுங்கள், அது இலவசம். விருப்பங்களைத் தனித்தாளில் எழுதி, எவ்வளவு செலவு, எத்தனை நாள் என்று பதில் வந்த பிறகு முடிவெடுங்கள். டிராயிங்கைக் கிடப்பில் போடவும் கூடாது. ஃபிடிக் என்ற சர்வதேசப் பொறியாளர் கூட்டமைப்பு டிசைன்-பில்டுக்காக வெளியிட்ட 'மஞ்சள் புத்தக' மாதிரி ஒப்பந்தத்தின் 1999 பதிப்பில் பார்த்துத் திருப்ப 21 நாள்தான். அதே பதிப்பில், கூடுதல் பணமோ காலமோ கேட்கும் கான்ட்ராக்டர் 28 நாளுக்குள் அறிவிப்புக் கொடுக்காவிட்டால் உரிமை போய்விடும். 2017 பதிப்பில் அந்த 28 நாள் கெடு உரிமையாளருக்கும் வந்துவிட்டது. பலருக்கு இது தெரியவே தெரியாது.

காப்பீடு பற்றிச் சுருக்கமாக. "நோக்கத்துக்குப் பொருந்தும்படி கட்டித் தருவேன்" என்று கான்ட்ராக்டர் எழுதிக் கொடுப்பது உங்களுக்கு இனிப்பாக இருக்கும். ஆனால் டிசைன் தவறுகளுக்காக அவர் எடுக்கும் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு பொதுவாகக் கவனக்குறைவை மட்டுமே ஏற்கிறது, உத்தரவாதத்தை ஏற்பதில்லை. அதிலும், உரிமைகோரல் எழும் நாளில் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். தவறு நடந்த நாளில் மட்டும் இருந்தது என்றால் போதாது. எனவே கட்டி முடித்த பிறகும் சில ஆண்டுகள் பாலிசியைப் புதுப்பிக்க வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள்.

மூடிவிட்டால் பார்க்க முடியாத வேலைகளுக்கு, உங்கள் பொறியாளர் கையெழுத்தில்லாமல் அடுத்த வேலை தொடங்கக் கூடாது. அடித்தளக் கம்பி, தரைக்கடியில் போகும் பைப், வாட்டர்ப்ரூஃபிங் எல்லாம் இதில் சேரும். வாட்டர்ப்ரூஃபிங் முடிந்த தளத்தில் குறைந்தது 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிக் கீழே நின்று பாருங்கள். ஸ்பிரிங்க்லர் பைப்பை சீலிங் மூடும் முன் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஸ்பிரிங்க்லருக்கான அமெரிக்கத் தரமான என்.எஃப்.பி.ஏ. 13-இன்படி பொதுவாக 200 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு) அழுத்தத்தில் 2 மணி நேரம். மூடிய பிறகு கசிந்தால் சீலிங்கைப் பிரிப்பது யார் செலவு என்று அடுத்த பஞ்சாயத்து தொடங்கும்.

கடைசி பில்லை விடுவதற்கு முன் வாங்கவேண்டியவை: உண்மையில் கட்டியபடி திருத்திய டிராயிங், சோதனை அறிக்கைகள், கருவிகளின் பராமரிப்புக் கையேடு, வாரண்டிகள் உங்கள் பெயரில். சப்-கான்ட்ராக்டர் பெயரில் இருக்கும் வாரண்டியை வாங்கிவைத்து ஒரு பயனும் இல்லை. மாற்றித் தரச் சொல்லுங்கள். "அடுத்த வாரம் அனுப்புகிறேன்" என்றால், பில்களில் பிடித்து வைத்திருக்கும் ரிட்டென்ஷன் பணமும் அடுத்த வாரமே போகட்டும்.