கைரேகையை எப்படித் திருடுகிறார்கள்?

தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் உதவித்தொகை வாங்கும் ஒரு பாட்டி, அந்தப் பணத்தை எடுக்க பஸ் ஏறி டவுனுக்கு வர வேண்டியதில்லை. ஊரில் ஏதோ ஒரு மளிகைக் கடையிலோ ஜெராக்ஸ் கடையிலோ ஒரு செல்போனும், அதோடு ஒயரில் மாட்டிய சின்ன ரேகை மெஷினும் இருக்கும். ஆதார் எண்ணையும் வங்கியின் பெயரையும் சொல்லி விரலை வைத்தால், கடைக்காரர் தன் கல்லாவில் இருந்து ரொக்கத்தை எடுத்துக் கொடுத்துவிடுவார். ஏடிஎம் கார்டு, ரகசிய எண், ஓடிபி எதுவும் தேவையில்லை. ஆதார் வழிப் பணப் பரிவர்த்தனை, சுருக்கமாக ஏஇபிஎஸ், என்பது இதன் பெயர். ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம்.

வங்கிக் கிளை தூரத்தில் இருக்கும் மலையோர ஊர்களுக்கு இது நல்ல ஏற்பாடு என்றே நான் நினைக்கிறேன். சிக்கல் எங்கே என்றால், ஆதார் எண், வங்கிப் பெயர், விரல் ரேகை ஆகிய மூன்றும் வேறு யாரிடமாவது சேர்ந்துவிட்டால், பாட்டியே வந்து பணம் எடுத்ததாகக் கணினி எழுதிக்கொள்ளும். அடையாளத் திருட்டு என்று சொல்லப்படுவதில் நம் ஊர்ப்பக்கம் அதிகம் கவலைப்பட வேண்டிய வகை இதுதான். அதனால் இந்த மூன்றும் எப்படிக் கைமாறுகின்றன என்று முதலில் பார்ப்போம்.

ஆதார் எண்ணில் 12 இலக்கங்கள். முதல் இலக்கம் 0 அல்லது 1 ஆக இருக்காது. கடைசி இலக்கம், முன்னால் உள்ள 11 இலக்கங்களையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. யாக்கோபஸ் வெர்ஹூஃப் என்ற டச்சுக் கணித அறிஞர் 1969-ல் வெளியிட்ட முறை அது. ஏதாவது ஓர் இலக்கத்தைத் தப்பாக அடித்தாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டை இடம் மாற்றி அடித்தாலும், கடைசி இலக்கம் ஒத்துப்போகாமல் மாட்டிக்கொடுத்துவிடும். அதாவது தட்டச்சுப் பிழையைப் பிடிக்கும் ஏற்பாடு அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. திருடனைப் பிடிக்கும் ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. வீட்டுக் கதவில் எழுதியிருக்கும் எண் மாதிரிதான் அது. யார் வீடு என்று காட்டும், பூட்டைத் திறக்காது.

அந்த எண் எங்கெல்லாம் கிடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதலில் தொடங்கியதே அன்றைய தர்மபுரி மாவட்டத்தில்தான். அது 1989-ல், ஐ.நா.வின் வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு. கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. அது நடந்தது 2004-ல். இன்றைக்குக் குழுக் கடனுக்கு ஒரு ஜெராக்ஸ், நுண்கடன் வசூலுக்கு வருபவரிடம் ஒரு ஜெராக்ஸ், சிம் வாங்க, லாட்ஜில் தங்க, ஓசூர் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலைக்குச் சேர என்று ஒரு குடும்பத்தின் ஆதார் நகல்கள் ஊர் முழுக்கப் பரவியிருக்கும். இதில் அரசுக்கே தடுமாற்றம் இருந்தது. ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் 2022 மே 27 அன்று, ஆதார் நகலை யாரிடமும் கொடுக்காதீர்கள் என்று அறிக்கை விட்டது. இரண்டே நாளில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அறிக்கை போனாலும் அதில் சொன்ன ஒரு யோசனை நல்ல யோசனை: முதல் எட்டு இலக்கங்களை மறைத்து, கடைசி நாலு மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை ஆணையத்தின் தளத்திலிருந்தே பதிவிறக்கிக் கொடுக்கலாம்.

வங்கிப் பெயரைக் கண்டுபிடிக்கத் தனித் திறமை வேண்டாம். சில கிராமங்கள் சேர்ந்த ஒரு பிர்க்காவில் இரண்டு மூன்று வங்கிகள்தான் இருக்கும். ஒன்று இல்லாவிட்டால் அடுத்தது.

மீதி இருப்பது விரல். இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

விரல் நுனியில் உள்ள மேடு பள்ளங்கள் தாயின் வயிற்றில் மூன்று, நான்காம் மாதங்களிலேயே உருவாகத் தொடங்கிவிடுகின்றன. கருவின் தோல் வளரும்போது ஏற்படும் இழுவிசைகள் அவற்றின் போக்கைத் தீர்மானிப்பதால், ஒரே மரபணு கொண்ட இரட்டையருக்கும் ரேகை வேறு வேறாகவே இருக்கும். மெஷின் இந்த முழுப் படத்தையும் வைத்து ஒப்பிடுவதில்லை. ஒரு கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது, அந்த இடத்தில் எந்தத் திசையில் போகிறது என்ற புள்ளிகளை மட்டும் எடுத்து ஒரு பட்டியலாக்குகிறது. அந்தப் பட்டியல் பூட்டப்பட்ட குறியீடாக மாறி, வங்கி வழியாகவும் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தின் வழியாகவும் ஆதார் ஆணையத்தின் கணினிக்குப் போய்ச் சேருகிறது. அங்கிருந்து திரும்பி வருவது ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற ஒற்றைப் பதில். ஆம் என்றால் வங்கி பணத்தைக் கழித்துக்கொள்கிறது. எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும்.

வழியில் ஒட்டுக்கேட்டு ரேகையைத் திருடுவது கடினம். பதிவு பெற்ற மெஷின் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கையெழுத்திட்டுத்தான் அனுப்பும். புதுவகை மெஷின்களில் அந்தப் பூட்டு வேலை செல்போனில் நடக்காமல், ரேகையைப் படிக்கும் பெட்டிக்குள்ளேயே நடந்துவிடுகிறது. அதனால் திருடர்கள் ஒயரை விட்டுவிட்டு விரலையே நகல் எடுக்கப் போனார்கள்.

இது முடியும் என்பது 2002-லேயே நிரூபணமான சங்கதி. ஜப்பானின் யோகோஹாமா தேசியப் பல்கலைக்கழகத்தில் த்சுதோமு மாத்சுமோத்தோவும் அவரது குழுவினரும், மிட்டாய் செய்யப் பயன்படும் ஜெலட்டினில் விரல் செய்து, அப்போது சந்தையில் இருந்த 11 ரேகை மெஷின்களில் வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலான முறை மெஷின்கள் ஏமாந்தன. கண்ணாடியில் பதிந்திருந்த ரேகையைப் படம் பிடித்துக்கூட அவர்களால் விரல் செய்ய முடிந்தது. நம் நாட்டில் கண்ணாடியைத் தேட வேண்டிய அவசியம்கூட வரவில்லை. பத்திரப் பதிவு ஆவணத்தில் பெருவிரல் ரேகை பளிச்சென்று பதிந்திருக்கிறது. அதன் ஸ்கேன் நகல் இணையத்தில் கிடைத்தது. 2018-ல் தெலங்கானாவில் சிம் கார்டு விற்கும் ஒருவர் இப்படி நிலப் பத்திரங்களைப் பதிவிறக்கி, ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் மெஷினில் ரேகைகளை அச்சாக்கி, பிறர் பெயரில் ஆயிரக்கணக்கான சிம்களை இயக்கி வைத்ததாகப் பிடிபட்டார். விற்பனை இலக்கை எட்டுவதற்காகச் செய்தாராம்! அடுத்து வந்தவர்களுக்குச் சிம் போதவில்லை; அதே வித்தையை வைத்து ஏஇபிஎஸ் மூலம் பணம் எடுக்கத் தொடங்கினார்கள்.

இதற்குப் பதிலடியாக ஆதார் ஆணையம் 2023-ல் ஒரு புதிய சோதனையைக் கொண்டுவந்தது. கோடு முடியும், பிரியும் புள்ளிகளோடு விரலின் படத்தையும் சேர்த்துப் பார்த்து, வைத்தது உயிருள்ள விரலா, ரப்பரா என்று செயற்கை நுண்ணறிவு மென்பொருள் தீர்மானிக்கிறது. திருட்டு இதனால் கடினமாகியிருக்கிறது. ஆனால் எந்த ரேகை மெஷினும் நூற்றுக்கு நூறு ‘அதே விரல்’ என்று சொல்வதில்லை. எத்தனை புள்ளிகள் ஒத்துப்போகின்றன என்று மதிப்பெண் போடும். ஒரு அளவைத் தாண்டினால் ஏற்கும். அந்த அளவைக் கூட்டினால் போலிகள் தடுக்கப்படுவார்கள், கூடவே உண்மையான ஆட்களும் தடுக்கப்படுவார்கள்.

அப்படித் தடுக்கப்படுபவர்கள் நம் ஊரில் நிறைய. கிருஷ்ணகிரி கிரானைட் பட்டறையில் பாலிஷ் போடுபவர், பெங்களூருவில் சிமென்ட் கலவை போட்டுவிட்டு வந்தவர், வருஷா வருஷம் புளி தட்டிக் கொட்டை எடுக்கும் பெண்கள் என்று இவர்களுக்கெல்லாம் மேடுகள் தேய்ந்து ரேகை மங்கியிருக்கும். ரேஷன் கடையில் ‘ரேகை விழல, அடுத்த விரல வைங்க’ என்று கேட்டுப் பழகியவர்கள். இந்தப் பழக்கத்தைத்தான் மோசக்காரக் கடைக்காரர் பயன்படுத்துகிறார். முதல் தடவையே பணம் போயிருக்கும். ‘சர்வர் இல்ல, மறுபடி வைங்க’ என்று சொல்லி இரண்டாவது தடவையும் எடுத்துவிடுவார். ரப்பர் விரலே தேவைப்படாத திருட்டு! ஒவ்வொரு தடவைக்கும், தோல்வியான தடவைக்கும் சேர்த்து, ரசீது கேளுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் இதை மட்டுமாவது சொல்லி வைக்க வேண்டும். ஏஇபிஎஸ் கடைக்காரர்களை வங்கிகள் தீர விசாரித்துச் சேர்க்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் கட்டளை 2026 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்திருக்கிறது.

கடவுச்சொல் வெளியே போனால் மாற்றிவிடலாம். விரல் பத்துதான். இதற்கு ஒரு வழி, ‘என் ரேகையைக் கேட்டு யார் வந்தாலும் இல்லை என்று சொல்’ என ஆணையத்தின் கணினிக்கே சொல்லி வைப்பது. பயோமெட்ரிக் பூட்டு என்பது அதுதான். ஆதார் தளத்திலோ ஆணையத்தின் செயலியிலோ ஓடிபி போட்டுப் பூட்டலாம். பூட்டு இருப்பது சர்வரில்; அதனால் திருடனிடம் எவ்வளவு அச்சு அசலான ரப்பர் விரல் இருந்தாலும் பதில் ‘இல்லை’தான். நமக்குத் தேவைப்படும்போது சில நிமிடங்களுக்கு மட்டும் திறந்துவிட்டால் அதுவே மறுபடி பூட்டிக்கொள்ளும்.

பூட்டினால் நூறு நாள் வேலைக் கூலி வராது, கேஸ் மானியம் நின்றுவிடும் என்று ஒரு பயம் இருக்கிறது. அது தேவையில்லாத பயம். அந்தப் பணங்கள் ஆதார் எண்ணை முகவரியாக மட்டும் வைத்து வந்து சேருகின்றன, ரேகை கேட்பதில்லை. ஏடிஎம், யுபிஐ எதுவும் நிற்காது. ஏஇபிஎஸ்ஸில் பணம் எடுப்பது, ரேஷன் கடை ரேகை, ஓய்வூதியதாரர் ரேகை வைத்துக் கொடுக்கும் வாழ்வுச் சான்று போல ரேகை கேட்கும் வேலைகள்தான் நிற்கும். என் யோசனை இது: ரேஷன் கடைக்கு வழக்கமாகப் போகும் ஒருவர் திறந்து வைத்துக்கொள்ளட்டும், குடும்பத்தில் மற்ற எல்லோரும் பூட்டிவிடலாம். திறந்து வைத்திருப்பவரின் கணக்கில் பெரிய தொகையை வைக்காமல் இருந்தால் போதும்.

பூட்டைத் திறக்க ஓடிபி வேண்டும் என்றால், எல்லாம் போய் நிற்பது செல்போன் எண்ணில். பெங்களூருக்கும் கேரளாவுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் அங்கே புது சிம் வாங்கிவிட்டுப் பழையதைத் தூக்கிப் போடுவது சகஜம். இணைப்பு துண்டிக்கப்பட்ட எண், குறைந்தது 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குப் போகும். ஆதாரிலும் வங்கியிலும் பழைய எண்ணே இருந்தால், ஓடிபி முகம் தெரியாத அந்த ஆளுக்குப் போய்ச் சேரும். பெரியவர்களின் ஆதாரில் பதிவு செய்துகொடுத்த கடைக்காரரின் எண்ணே இருப்பதும் உண்டு. சிம்மைத் தூக்கிப் போடும் முன் எண்ணை மாற்றுங்கள்.

சிம் கார்டை நகலெடுப்பது ரேகையை நகலெடுப்பதைவிடக் கடினம். அதற்குள் 128 பிட் நீளமுள்ள ரகசியச் சாவி ஒன்று இருக்கிறது. அது ஒருபோதும் வெளியே வராது. நெட்வொர்க் ஒரு தற்செயல் எண்ணை அனுப்பும், சிம் அந்தச் சாவியால் கணக்குப் போட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்பும். அதனால் திருடன் சிம்மைத் தொடுவதில்லை. உங்கள் பெயரில் ‘சிம் தொலைந்துவிட்டது’ என்று சொல்லி, ஆதார் நகலைக் காட்டி மாற்று சிம் வாங்குகிறான். நிறுவனத்தின் பட்டியலில் உங்கள் எண்ணுக்கு நேரே புது கார்டு ஏறியதும், உங்கள் போனில் டவர் போய்விடும். பக்கத்தில் இருப்பவர் போனில் டவர் இருந்து, அதே நெட்வொர்க்கில் உங்களுக்கு மட்டும் இல்லை என்றால் அன்றைக்கே விசாரியுங்கள். சிம் மாற்றியதும் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராமல் நிறுத்தி வைக்கும் விதி 2022-ல் வந்தது இந்த இடைவெளிக்காகத்தான். உங்கள் பெயரில் எத்தனை எண்கள் ஓடுகின்றன என்பதை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். ஒருவருக்கு 9 வரை அனுமதி. தெரியாத எண் இருந்தால் அங்கேயே ‘என்னுடையது இல்லை’ என்று சொல்லிவிடலாம்.

சிம்மையும் தொடாமல் ஓடிபியை எடுக்க வாட்ஸப்பில் கல்யாணப் பத்திரிகை, டிராபிக் அபராதம், பிஎம் கிசான் என்ற பெயர்களில் ஏபிகே கோப்புகள், அதாவது போனில் செயலியை நிறுவும் கோப்புகள், வருகின்றன. அதை நிறுவி எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கொடுத்தால் கதை முடிந்தது. பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும். ஏபிகே ஆக வராது.

பான் கார்டு நகலை வைத்து நடப்பது மெதுவான திருட்டு. தினக்கூலிக்காரருக்குக் கோடிக்கணக்கில் ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். அவர் பெயரில் ஒரு போலி நிறுவனத்தைப் பதிவு செய்து, பொருளே விற்காமல் பில் மட்டும் போட்டிருப்பார்கள். உங்கள் பெயரில் யாராவது கடன் வாங்கியிருந்தால் சிபில் அறிக்கையில் தெரியும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒரு முறை இலவச அறிக்கை தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்றாக வாங்கினால் செலவில்லாமல் வருஷம் முழுக்கக் கண்காணித்த மாதிரி.

சரி, பணம் போயே போய்விட்டது என்றால்? முதலில் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்ய வேண்டும். போன பணம் சில மணி நேரத்துக்குள் பல கணக்குகளுக்கு மாறி ரொக்கமாகிவிடும். நடுவில் எந்த வங்கியில் நிற்கிறதோ அங்கே முடக்கத்தான் அந்த எண். அப்புறம் வங்கியில் எழுத்துமூலமாகப் புகார். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, தவறு உங்களுடையதோ வங்கியுடையதோ இல்லாமல் மூன்றாவது ஆளால் பணம் போயிருந்து, வங்கி தெரிவித்த மூன்று வேலை நாட்களுக்குள் நீங்கள் சொல்லிவிட்டால், இழப்பு உங்கள் தலையில் விழாது. நாள் கடந்தால் இழப்பில் உங்களுக்கும் பங்கு உண்டு. பிறர் அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைக்கு உரிய குற்றம். காவல் நிலையத்தில் கொடுக்கும் மனுவில் இந்தப் பிரிவைக் குறிப்பிடலாம்.

அந்த மனுவோடு இன்னொன்றையும் இணையுங்கள். ஆதார் தளத்தில் கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ஆதார் எப்போதெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியல் கிடைக்கும். பாஸ்புக்கில் தொகையும் தேதியும்தான் இருக்கும். இந்தப் பட்டியலில் எந்த நிறுவனம் கேட்டது, எத்தனை மணிக்குக் கேட்டது, ரேகையா ஓடிபியா என்பதும் இருக்கும். நீங்கள் பாலக்கோடு தக்காளி மண்டியில் நின்றிருந்த நேரத்தில் உங்கள் பெருவிரல் வேறு எங்கோ வேலை செய்திருக்கிறது என்பதைக் காட்ட இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.