மீட்கப்பட்ட கோழி முட்டையிடுவதை ஏன் நிறுத்துகிறது?

முட்டைப் பண்ணையின் கூண்டிலிருந்து மீட்ட கோழியைக் கொண்டுவந்து வளர்ப்பவர்களைப் பெரிதும் கலங்கவைப்பது, வந்த புதிதில் முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழி சில வாரங்களில் அதை அடியோடு நிறுத்திவிடுவதுதான். ஏற்கெனவே கழுத்தும் முதுகும் மொட்டையாக இருக்கும் உடலிலிருந்து எஞ்சிய இறகுகளும் கொத்துக்கொத்தாக உதிரும். கொண்டை சுருங்கி வெளிறும். கோழி தீனி எடுத்துக்கொண்டு, சுறுசுறுப்பாக நடமாடிக்கொண்டிருக்கும் வரையில் இதை நோயாகக் கருத வேண்டியதில்லை. நெடுங்காலம் தள்ளிப்போடப்பட்ட பழுதுபார்ப்பை உடல் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

இதற்கான தூண்டுதல்களில் முதன்மையானது ஒளி. பறவைகள் பகலின் நீளத்தைக் கண்ணால் மட்டும் அளப்பதில்லை. மண்டையோட்டை ஊடுருவி உள்ளே செல்லும் ஒளியை, மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் பகுதியின் ஒளியுணர் செல்கள் நேரடியாகவே உணர்கின்றன. நீண்ட பகல் என்ற செய்தி கிடைத்துக்கொண்டிருக்கும் காலம் முழுவதும் அங்கிருந்து புறப்படும் ஹார்மோன்கள் சினைப்பையைத் தூண்டிக்கொண்டே இருக்கும். பண்ணைகளில் நாளொன்றுக்குச் சுமார் 16 மணி நேரம் விளக்கொளி கொடுப்பது இதற்காகத்தான். அங்கிருந்து அதைவிடக் குறுகிய இயற்கைப் பகலுக்கு வந்துசேரும் கோழியின் உடலில் அந்தத் தூண்டுதல் திடீரெனத் தளர்கிறது. பயண அலைச்சலும் தீனி மாற்றமும் சேர்ந்துகொள்ள, சினைப்பை சுருங்கி, பழைய இறகுகள் உதிர்ந்து, புதியவை முளைக்கத் தொடங்குகின்றன.

உடலுக்கு இந்த ஓய்வு எவ்வளவு தேவை என்பதை எலும்புகளைப் பார்த்தால் புரியும். வளர்ப்புக் கோழிகளின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி ஆண்டுக்கு ஒரு டஜன் முட்டைகள் அளவில் இடும்போது, பண்ணைக்கென்று உருவாக்கப்பட்ட இனங்கள் ஏறத்தாழ 300 முட்டைகள் இடுகின்றன. ஒவ்வொரு ஓட்டிலும் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆவதால், அதன் பெரும்பகுதி கோழி தீனி எடுக்காத இரவில் நடக்கிறது. அந்நேரத்தில் குடலிலிருந்து கிடைக்காத கால்சியத்தை, எலும்புகளின் உட்குழிவில் இதற்கென்றே சேமிக்கப்பட்ட இருப்பிலிருந்து உடல் எடுத்துக்கொள்கிறது. முட்டையிடுதல் இடைவிடாமல் தொடரும் காலத்தில், உடலைத் தாங்கும் வலுவான எலும்பும் சிறிது சிறிதாகக் கரைகிறது. அது மீண்டும் கட்டப்படுவது முட்டை நின்ற பிறகே. ஆகவே, கூட்டில் விளக்குப் போட்டு முட்டையைத் திரும்ப வரவழைக்கும் யோசனையை நான் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன். நொறுக்கிய சிப்பி ஓட்டைத் தீனியோடு கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வைத்தால், தேவைப்படும்போது கோழியே தேடி உண்ணும். மார்பின் நடுவே ஓடும் நெஞ்செலும்பை விரலால் மெல்லத் தடவிப் பார்த்தால், பல கோழிகளுக்கு ஒரு வளைவோ முடிச்சோ தட்டுப்படும். அது பழைய முறிவின் தழும்பாக இருக்கலாம். உயரத்திலிருந்து குதிப்பது இத்தகைய எலும்புக்கு ஆபத்து என்பதால், அடைவதற்கான கட்டையைத் தரைக்கு அருகிலேயே அமைக்க வேண்டும்.

முதல் சில நாள்களில் வெதுவெதுப்பும் தண்ணீருமே முக்கியம். கோழியின் உடல் வெப்பநிலை சுமார் 41 டிகிரி செல்சியஸ். இறகில்லாத தோல் வழியே அந்த வெப்பம் விரைவாக வெளியேறும் என்பதால், காற்று நேராக வீசாத, உலர்ந்த இடம் வேண்டும். குழாய் முனையைக் கொத்திக் குடித்தே பழகிய கோழிக்குக் கிண்ணத்தில் இருப்பது தண்ணீர் என்றே தெரியாமல் போகலாம். அலகின் நுனியை மட்டும் ஓரிரு முறை நனைத்துக் காட்டினால் கற்றுக்கொள்ளும். வாயைத் திறந்து ஊற்றக் கூடாது: மூச்சுக்குழலின் வாய் நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னாலேயே திறந்திருப்பதால் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். தூக்கும்போதும் கவனம் தேவை. நமக்கு இருப்பதுபோன்ற உதரவிதானம் கோழிக்கு இல்லை. மார்பெலும்பு மேலும் கீழும் அசைந்தால்தான் அதனால் மூச்சுவிட முடியும். அன்பு மிகுதியில் இறுக்கி அணைத்தாலும் அது மூச்சுத்திணறும். பழகிய தூள் தீனியையே முதலில் கொடுத்து, மெல்ல மெல்ல மாற்றுவது நல்லது.

மண்ணையே பார்த்திராத கோழியும் மண் குளியலை யாரிடமும் கற்க வேண்டியதில்லை. வெறும் கம்பித் தளத்தின் மேல்கூட, இல்லாத மண்ணை இறகுக்குள் வாரிப் போட்டுக்கொள்ளும் அசைவுகளை அது செய்யும். உலர்ந்த மண்ணில் அதையே செய்யும்போது இறகில் தேங்கிய பழைய எண்ணெய்ப் பசை நீங்குகிறது. பொழுது சாய்ந்ததும் கூட்டுக்குள் போய் அடையும் பழக்கத்தைத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். மங்கிய ஒளியில் கோழிக்குப் பார்வை மிகவும் குறைவு என்பதால், இருட்டுவதற்கு முன்பே கையால் எடுத்துக் கட்டையில் அமர்த்திவிட வேண்டும்.

வேறு கோழிகள் இருந்தால் குறைந்தது மூன்று, நான்கு வாரங்களாவது புதியதைத் தனியே, தள்ளி வைத்திருப்பது நோய்ப் பரவலைத் தடுக்கும். அதன் பிறகும் நேராகக் கூட்டத்தில் விடக் கூடாது. யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை ஒவ்வொரு கோழிக் கூட்டத்திலும் உண்டு என்பதை நார்வே விலங்கியலாளர் ஷெல்டெருப்-எப்பே 1920களின் தொடக்கத்திலேயே விளக்கினார். கோழிகள் ஒன்றையொன்று பெரும்பாலும் தலையையும் கொண்டையையும் கொண்டே அடையாளம் காண்கின்றன. வெளிறிய கொண்டையோடும் மொட்டை உடம்போடும் வரும் கோழி அந்த வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படும். ஆகவே, இறகு முளைத்து முடியும்வரை வலைத் தடுப்புக்கு அப்பால் வைத்து, பார்க்க மட்டும் விட வேண்டும். பின்னர் சேர்த்துவிடும்போது, தீனியையும் தண்ணீரையும் இரண்டு மூன்று இடங்களில் வைத்து, ஓடி ஒளிய மறைவிடங்களும் அமைத்தால் சண்டை வெகுவாகக் குறையும். சிறு கொத்தல்களில் தலையிட்டால் வரிசை முடிவாகாமல் இழுத்துக்கொண்டே போகும். ரத்தம் வந்துவிட்டால் மட்டும் காத்திருக்கக் கூடாது. சிவந்த காயம் மற்றக் கோழிகளை மேலும் மேலும் கொத்தத் தூண்டும். காயம்பட்டதை உடனே பிரித்து, மற்றவற்றின் கண்ணில் படும்படி வலைக்கு அப்பாலேயே வைத்து ஆற்ற வேண்டும். சில வாரங்கள் கண்ணில் படாமல் போன கோழியை அவை அந்நியமாகவே நடத்தும். முழுச் சண்டையும் முதலிலிருந்து தொடங்கும்.